காதுக்கு அவசரம் ஆகாது

பச்சைப் பனையோலை நறுக்கைச் சுருட்டிப் பிடித்தால் விரல்களுக்குள் அடங்கும். பிடியைத் தளர்த்தினால் மெல்ல விரியும். அந்தக் குணத்தை வைத்துத்தான் நம் ஊரில் காது வளர்த்தார்கள். குத்திய துளையில் முதலில் பஞ்சுத் திரி, பிறகு ஓலைச் சுருள் அல்லது நெட்டித் தக்கை, அதன்பின் ஈயக் குணுக்கு. மடல் இறங்கித் தோளை நெருங்கியதும் பாம்படமோ தண்டட்டியோ ஏறும். தென்மாவட்டக் கிராமங்களில் இந்தக் காதோடு இருக்கும் ஆச்சிகளை இன்றும் ஒன்றிரண்டு பேரையாவது பார்க்கலாம். இது நமக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழமையான ‘ஓட்சி’ மனிதனின் காது மடல்களிலும் விரித்த துளைகள் இருந்தன.

இப்போது அதே காது கல்லூரி வாசலுக்கு வந்திருக்கிறது. ஓலைக்குப் பதில் ‘ப்ளக்’, குணுக்குக்குப் பதில் ‘டனல்’. போன மாதம் அக்கா மகன் தன் காதைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மடல் தடித்துக் கன்றிப்போய், ஓரமெல்லாம் பொருக்கு.

“மாப்ளே, இத எப்ப மாட்டுன?”

“போன ஞாயித்துக்கிழம மாமா. பத்து மில்லிமீட்டர். அதுக்கு முந்தின வாரம் எட்டு. அதுக்கு முன்னாடி ஆறு.”

வியாதி என்னவென்று அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காது மடலில் குருத்தெலும்பு கிடையாது. இரண்டு பக்கத் தோலுக்கு நடுவே கொழுப்பும் நார்த்திசுவும்தான். அதில் துளை போட்டால், இரு வாய்களிலிருந்தும் தோல் உள்நோக்கி வளர்ந்து துளையின் உட்சுவரை மூடும். துளை ‘ஆறியது’ என்று சொல்வது இதைத்தான். அந்த உட்தோலை மெதுவாக இழுத்தால், கொலாஜன் நார்கள் இழுபடும் திசைக்கு ஏற்ப அடுக்கை மாற்றிக்கொள்ளும். இழுவிசையை உணர்ந்த செல்கள் பிரிந்து புதுத் தோலை உண்டாக்கும். தீக்காயம் பட்டவர்களுக்குத் தோலடியில் சிறு பையை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீரை ஏற்றி ஊதவைத்து, உபரித் தோலை வளர்த்தெடுக்கிறார்களே பிளாஸ்டிக் சர்ஜன்கள், அவர்கள் நம்புவதும் இந்தக் குணத்தைத்தான்.

வேகமாக இழுத்தால் தோல் வளராது, கிழியும். ஆறிலிருந்து எட்டு என்றால் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அது விட்டக் கணக்கு. தோல் சுற்றளவில் இருக்கிறது. 18.8 மில்லிமீட்டராக இருந்த சுற்றளவு 25.1 ஆக வேண்டும். அதாவது தோல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஒரே வாரத்தில் வராது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும், அவை தழும்பாக ஆறும், தழும்பு எளிதில் நீளாது. அடுத்த அளவுக்குப் போகும்போது அங்கேதான் மறுபடி கிழியும். சுஸ்ருத சம்ஹிதையில் காது குத்தவும் வளர்க்கவும் அறுந்த மடலை ஒட்டவும் தனி அத்தியாயம் இருக்கிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை திரியைச் சற்றே தடிமனாக்கச் சொல்கிறது அது. எழுதியவருக்குக் கொலாஜன் தெரியாது, காது தெரிந்திருக்கிறது. அதற்காகப் பழைய முறையைக் கொண்டாடவும் வேண்டியதில்லை. ஈயம் நஞ்சு. பாரம் தாங்காமல் அறுந்த காதுகளும் அன்றைக்கு நிறைய.

சிவந்த காதெல்லாம் சீழ்க் காது அல்ல. பெரும்பாலும் அது வெறும் எரிச்சல்தான். துளையோரம் கன்றியிருக்கும், தெளிந்த நீர் கசிந்து பொருக்குத் தட்டும், தொட்டால் வலிக்கும். விடாத அரிப்பு இருந்தால் மலிவு நகையில் உள்ள நிக்கல் ஒவ்வாமையா என்று சந்தேகிக்கலாம். மடலின் பின்பக்கம் தோல் உதடுபோலப் பிதுங்கினால், துளையின் உட்தோல் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது, ‘ப்ளோ-அவுட்’ என்பார்கள். ஆறிய துளையில் வரும் வாடையும் தொற்று அல்ல. உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும் தேங்கிய நாற்றம் அது, கழுவினால் போய்விடும்.

தொற்று வேறு மாதிரி. நாளாக நாளாக வலி கூடும். விண்விண் என்று தெறிக்கும். கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வரும், வீக்கம் துளையைத் தாண்டிப் பரவும், காய்ச்சலோ கழுத்தில் நெறிக்கட்டோ சேரலாம். நம் தோலிலும் மூக்கிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம், வெடிப்பு கிடைத்ததும் உள்ளே நுழைந்துவிடும். புத்தகங்கள் ‘சிவப்பு’ என்று எழுதுவதை நம் மாநிறக் காதுகளில் தேடினால் ஏமாறுவோம். கருநீலமாகவோ கருமையாகவோதான் தெரியும். புறங்கையை வைத்து இரண்டு காதுகளின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எரிச்சல் என்றால் முதல் வேலை, ஓர் அளவு கீழே இறங்குவது. கௌரவம் பார்க்கக் கூடாது. ஓரம் விரியாத கண்ணாடி அல்லது டைட்டானியம் ப்ளக் நல்லது. அக்ரிலிக், சிலிக்கோன், மரம், எலும்பு எதுவும் புண்ணுக்கு ஆகாது. வேப்பங்குச்சியும் துடைப்பக் குச்சியும் இந்த மரக் கணக்கில்தான் சேரும். அடுத்தது உப்புநீர். மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத ‘நார்மல் சலைன்’ போதும். வீட்டில் தயாரித்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆறாது, செல்களிலிருந்து நீரை உறிஞ்சிப் புண்ணை வறட்டும். தினம் இரண்டு முறை நனைத்து, ஒற்றி உலர்த்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நகையைத் திருகிக்கொண்டே இருப்பது பொருக்கைப் பெயர்க்கும் வேலை.

ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்து, ஆற்ற வந்த செல்களையும் கொல்லும். மஞ்சள்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டி மஞ்சள் கிருமி நீக்கியது அல்ல, எண்ணெயில் குழைத்து அப்பினால் கசிவு வெளியேற வழியும் அடைபடும். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கலவைக் களிம்புகளுக்கு. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பை மறைக்கும், ஆறுவதைத் தாமதப்படுத்தும். நன்றாக ஆறிய மடலை எண்ணெய் விட்டு நீவுவது மட்டும் சரிதான், ஆச்சிகள் செய்ததும் அதுவே.

சீழ் வைத்துவிட்டால் பயந்துபோய் நகையை முற்றிலும் கழற்றிவிடாதீர்கள். துளையின் வாய் சுருங்கிச் சீழ் உள்ளேயே சிறைப்பட்டுக் கட்டியாகலாம். கழற்றுவதா, சிறிதாக மாற்றுவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவுபடுத்திக்கொண்டு போங்கள்.

மடல் அறுந்தே போனாலும் தைக்கலாம். ஆனால் தோல் மூடிய இரண்டு விளிம்புகள் தாமாக ஒட்டாது; அந்தத் தோலைச் சீவி எடுத்துப் பச்சைப் புண்ணாக்கித்தான் தைப்பார்கள்.

மருமகன் ஆறுக்கு இறங்கிவிட்டான். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. அடுத்த அளவு தீபாவளிக்குப் பிறகுதான் என்று அக்கா உத்தரவு.

காதின் மேல்பகுதியில் துளை போட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. அங்கே இருப்பது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா புகுந்தால் சில நாட்களில் அது கரைந்து காதின் வடிவமே கெட்டுவிடும். கீழ் மடல் சாதாரணமாக இருக்க மேல்காது மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உப்புநீரோடு காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.