வீட்டில் மாற்றும் வீல் பேரிங்: பழுது யாருடைய பொறுப்பு?

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பகுதிக்கும், சுழலாமல் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் பகுதிக்கும் இடையே அமர்ந்து, இரண்டும் உரசித் தேயாமல் காக்கும் உறுப்பே வீல் பேரிங் ஆகும். உள்வளையம், வெளிவளையம், அவற்றின் நடுவே கிரீஸில் உருளும் எஃகுக் குண்டுகள் அல்லது உருளைகள் ஆகியவற்றால் அது அமைந்தது. 1983இல் அறிமுகமாகி 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800 போன்ற பழைய கார்களில், தேய்ந்துபோன ஆயில் சீல் வழியாக மழைநீரும் மண்ணும் புகுந்து கிரீஸைக் கெடுப்பதால் பேரிங் பழுதாவது வழக்கம். கூலியை மிச்சப்படுத்தவோ ஆர்வத்தினாலோ இதை வீட்டு வாசலிலேயே மாற்ற முனைபவர்கள், அந்த வேலையோடு சட்டப் பொறுப்பும் தங்கள் கைக்கு இடம்பெயர்வதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பட்டறையில் கூலி கொடுத்து மாற்றிய பேரிங் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு ஆகும். அதற்குப் பட்டறை பதில் சொல்ல வேண்டும். உரிமையாளரே மாற்றும்போது இப்படிக் கேட்கும் உரிமை எழுவதில்லை. உதிரிபாகத்தின் தரம் குறித்த உரிமை மட்டுமே எஞ்சுகிறது. அதையும், பொருள் தவறாகக் கையாளப்பட்டது அல்லது மாற்றியமைக்கப்பட்டது என்று காட்டி விற்பனையாளர் மறுக்க முடியும். அத்தகைய பொருளால் நேர்ந்த தீங்குக்கு விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது என்று சட்டத்தின் 87ஆம் பிரிவே கூறுகிறது. ஆகவே சுத்தியல் எந்த வளையத்தின் மீது விழுந்தது என்பது தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

மெக்கானிக்குகள் 'பேரிங் போய்விட்டது' என்று சொல்லும் நிலையில், வேகத்தோடு கூடும் ஓர் உறுமல் சத்தம் கேட்கும். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்வதால், அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்; ஆனால் சீரற்றுத் தேய்ந்த டயரும் இதேபோல் ஒலிக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்து, வேறொருவர் பிரேக்கை மிதித்ததும் அது நின்றுபோனால், பழுது பந்துமூட்டில் (பால் ஜாயின்ட்) இல்லை, பேரிங்கிலேயே என்று ஓரளவு உறுதி கொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பேரிங்கைவிட ஜாக்கியே. ஜாக்கி தூக்குவதற்கான கருவியே தவிரத் தாங்கி நிற்பதற்கானது அன்று என்பதால், சமதளமான கெட்டித் தரையில் மற்றச் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, வண்டியை இரும்பு ஸ்டாண்டின் மீது இறக்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்; அடுக்கிய செங்கல் ஒருபோதும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்லது. கடினமாக்கப்பட்ட எஃகை அடிக்கும்போது சில்லுகள் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது கட்டாயம்.

புதிய பேரிங்கை உறைக்குள் இறக்கும்போது வெளிவளையத்தின் மீதும், தண்டின் மீது ஏற்றும்போது உள்வளையத்தின் மீதும் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். மாற்றி அடித்தால் விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, அவை உருளும் பாதையில் குண்டுகளின் இடைவெளிக்கு ஏற்ப வரிசையாகக் குழிகளைப் பதிக்கிறது. புதிய பேரிங் சில நாட்களிலேயே உறுமத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அறிந்தவர் கண்ணுக்கு அந்தக் குழி வரிசை கையெழுத்தைப் போலத் தெளிவாகத் தெரியும். நட்டை இறுக்கும் அளவும் வகைக்கேற்ப மாறும்: கூம்பு உருளை பேரிங்குக்குச் சிறிதளவு தளர்வு விட வேண்டும், மற்ற வகைகளுக்குக் கையேடு கூறும் முறுக்கு விசையை டார்க் ரெஞ்ச் கொண்டு அளந்தே கொடுக்க வேண்டும். பூட்டு ஊசியைப் பழையதாகவே மாட்டுவது சில ரூபாய்க்காகச் சக்கரத்தையே பணயம் வைப்பதாகும்.

சரியாகப் பொருத்தியும் பழுதானால் போலிப் பொருளா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் அச்சுக்கும் வளையத்தில் பொறித்த எண்ணுக்கும் முரண்பாடு, நம்பமுடியாத மலிவு விலை ஆகியவை ஐயத்துக்கு உரியவை. எஸ்கேஎஃப் போன்ற நிறுவனங்கள் சரிபார்ப்புக்கெனச் செயலிகளை வெளியிட்டுள்ளன. போலி வணிகக்குறியிட்ட பொருளை விற்பது, 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். பில் தர மறுப்பதும், பில்லில் காலவரையறை இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தராதிருப்பதும் நியாயமற்ற வணிக நடவடிக்கைகளே.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். பலனில்லையெனில் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணமும் இல்லை. குறையைச் சோதனையின்றி அறிய முடியாதபோது பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. குழி வரிசை உரிமையாளருக்கு எதிராகப் பேசும் இடமும் அதுவே. மறுபுறம், ஆபத்து விளைவிக்கும் குறை தெரிந்தோ, சாதாரண கவனத்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ, பொதுச் சாலையில் வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி குற்றமாகும். அதனால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையும் கிடைக்கலாம்.

பில், பெட்டி, பழுதான பேரிங் ஆகிய மூன்றையும் புகார் முடியும்வரை துடைக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது பெட்டியைக் கிழித்து, வளையத்தை அரத்தால் கீறிச் சிதைத்துவிடுவது நல்லது. துடைத்து மெருகேற்றிய பழைய பேரிங்குகள் புதியவை என்ற பெயரில் மீண்டும் கடைக்கு வருவதுண்டு.