இறக்கத்தில் தோற்கும் கால்கள்

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான் எனப்படுகிறது. அது தார்ச்சாலையை விட்டு விலகிக் காட்டுத்தடத்திலும் பாறைச் சரிவிலும் ஏறி இறங்கும்போது மலைத்தட அல்ட்ரா ஆகிறது. ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றி 2003 முதல் நடந்துவரும் யுடிஎம்பி ஓட்டத்தில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தொலைவையும் 10,000 மீட்டர் ஏற்றத்தையும் நாற்பத்தாறரை மணி நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். வேறு ஓட்டங்களை முடித்துத் தகுதி பெற்றவர்களே புறப்படும் அந்த ஓட்டத்திலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பாதியில் நின்றுவிடுவது வழக்கம். நின்றவரின் பெயருக்கு எதிரே 'டிஎன்எஃப்', அதாவது 'முடிக்கவில்லை', என்ற குறி விழுகிறது. காரணம் கேட்டால் முழங்கால், வயிறு, குளிர், தூக்கம் என ஏதேனும் ஒன்றைச் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று, ஆனால் பெரும்பாலும் அது கடைசிக் காரணம் மட்டுமே. ஓட்டம் கெட்டது அதற்குப் பல மணி நேரம் முன்பு, சில வேளைகளில் பயிற்சி செய்த ஊரிலேயே.

சென்னையின் தெற்குப் புறநகரை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூரிலும் அதை ஒட்டிய பம்மல், பல்லாவரம், தாம்பரம் பகுதிகளிலும் விடியுமுன் ஓடப் புறப்படுவோருக்குக் கிடைப்பவை சமதளமான சாலைகளும், மேம்பாலங்களும், நான்கைந்து குன்றுகளும்தான். சார்னோகைட் என்ற பாறை வகையால் புவியியலாளர்களிடையே உலகப் பெயர் பெற்றவை பல்லாவரத்துக் குன்றுகள் என்றாலும், ஓடுபவருக்கு அந்தப் பெருமையால் பயனில்லை. பரங்கிமலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 அடி. அந்த உயரம் முழுவதையும் ஏறுவதாகவே கணக்கிட்டாலும், யுடிஎம்பியின் ஏற்றத்தை எட்ட அதன் உச்சிக்கு நூறு முறைக்கு மேல் போய்வர வேண்டியிருக்கும். திருநீர்மலையின் கோயில் படிகளுக்கும் திரிசூலத்துக் குன்றுக்கும் இதே நிலைதான். ஆகவே இங்கே பயிற்சி செய்து மலைக்குப் போகிறவரின் இதயமும் நுரையீரலும் நெடுந்தூரத்துக்குப் பழகியிருக்கும்; தொடைகள் பழகியிருக்கமாட்டா.

அந்தப் பழக்கமின்மை வெளிப்படுவது ஏற்றத்தில் அன்று, இறக்கத்தில். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை மூங்கில் கழி ஊன்றி ஏறிய பக்தர்களுக்கு இது தெரிந்த செய்திதான்: ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும், இறங்கும்போதோ தொடை நடுங்கத் தொடங்கும், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அந்த நடுக்கம் முழுதாக அடங்காது. ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கிக்கொண்டே உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, கீழே விழப் பார்க்கும் உடலை ஒவ்வோர் அடியிலும் தடுத்து நிறுத்துகிறது. நீளும்போது பளுவைத் தாங்குகிற இந்த வேலை மூச்சுக்கு எளிது, தசைக்குக் கொடிது. தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன, வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்தை எட்டும் என்றாலும் வலு அப்போதே குறைந்துவிடுகிறது. முதல் இறக்கத்தில் மூச்சு சுகமாக இருக்கிறதே என்று வேகமாக ஓடிவிடுகிறவர், பல மணி நேரம் கழித்து வரும் இறக்கங்களில் நடக்கவும் முடியாமல் பக்கவாட்டில் காலை வைத்து இறங்குவதற்குக் காரணம் இதுவே. ஆயினும் இத்தசை கற்றுக்கொள்ளக் கூடியது. ஒருமுறை கடுமையான இறக்கத்தில் ஓடி வலி கண்டு தேறிய தொடை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் முன்போல் சேதமடைவதில்லை என்பதை உடற்பயிற்சி ஆய்வுகள் பலமுறை உறுதிப்படுத்தியுள்ளன. படிகளை ஏறுவதற்காக மட்டும் தேடிப்போய், இறங்குவதை இளைப்பாறலாகக் கருதுவது சமவெளி ஓட்டக்காரர்கள் செய்யும் முதல் பிழை என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது வயிறு. அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், வெர்மான்ட் என்னும் இரண்டு 100 மைல் ஓட்டங்களில் 2009-இல் கலந்துகொண்டவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பாதியில் நின்றவர்கள் சொன்ன முதன்மைக் காரணங்களில் குமட்டலும் வாந்தியுமே முன்னணியில் இருந்தன. 23 விழுக்காட்டினர் அதைக் குறிப்பிட்டனர். உடலில் சேமித்துள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி அளவே ஆற்றல் தரும் என்பதால், சில மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டம் நீடிப்பது வழியில் உண்பதைப் பொறுத்தது. ஆனால் ஓடும்போது குருதி கால்களுக்கும், வெயிலில் தோலுக்கும் திருப்பிவிடப்படுவதால் குடலுக்குப் போவது குறைகிறது. அந்த நிலையில் உள்ளே போகும் இனிப்புக் கூழும் பானமும் செரியாமல் தேங்கிக் குமட்டுகின்றன, குமட்டுகிறவர் உண்பதை நிறுத்துகிறார், உண்ணாதவரின் கால்கள் தளர்கின்றன. வலிக்காக விழுங்கும் ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இந்த நிலையில் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடுதல் கேடு. வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு காப்பி மட்டும் குடித்து, நீள ஓட்டங்களை வெறும் வயிற்றோடு முடித்துவிட்டு இட்லிக் கடைக்கு ஓடும் வழக்கம் நம்மிடையே பரவலானது. இவ்வாறு பழகிய வயிறு, ஓடிக்கொண்டே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தை ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. குடலும் தொடையைப் போலப் பயிற்சியால் பழகும் உறுப்பே.

வெயில் மட்டும் சென்னைக்காரருக்குச் சாதகமானது. புழுக்கத்தில் பழகிய உடல் முன்கூட்டியே வியர்க்கத் தொடங்கும். அதன் குருதி நீர் அளவும் கூடியிருக்கும். எனினும் வியர்வைக்கு அஞ்சி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பவருக்குக் குருதியில் சோடியம் நீர்த்துப்போய், குமட்டலும் மனக்குழப்பமும், முற்றினால் வலிப்பும் நேரலாம்; இதை நீரிழப்பு என்று தவறாக எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்தானது.

கால வரம்பு என்பது எண்ணாகப் பார்த்தால் தாராளமாகவே தோன்றும். லடாக்கில் நடக்கும் கர்துங் லா சேலஞ்ச், தடமன்று, சாலைதான்; 72 கிலோமீட்டருக்குப் பதினான்கு மணி நேரம், அதாவது மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்கரை மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவர் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார் என்பதால், இது நடைக்கணக்கு என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் முதல் 32 கிலோமீட்டர் ஏறக்குறைய 5,350 மீட்டர் உயரக் கணவாயை நோக்கி ஏறுகிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியளவே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. பல நாள் முன்னதாகவே லே நகருக்கு வந்து தங்கி, உடலை உயரத்துக்குப் பழக்காதவருக்குத் தலைவலியும் வாந்தியுமே மிஞ்சும். அலுவலக விடுப்பு போதாமையும் ஓட்டம் முடியாமைக்கு ஒரு காரணம் என்று இங்கே எழுதலாம். அதே லடாக்கில் 2010-இல் முதன்முறையாக நடந்த 222 கிலோமீட்டர் 'லா அல்ட்ரா' ஓட்டத்தில் புறப்பட்டவர்கள் மூவர். முடித்தவர் பிரிட்டனைச் சேர்ந்த மார்க் காக்பெய்ன் ஒருவரே.

வழிதெரியாமையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1986 முதல் நடக்கும் பார்க்லி மாரத்தான்ஸ் எல்லை காட்டுகிறது. ஐந்து சுற்றுகள், 60 மணி நேரம், அடையாளமிடாத காடு. 2024 வரை அதை முடித்தவர்கள் இருபது பேர் மட்டுமே. அவ்வாண்டு அதை முடித்த முதல் பெண்ணான ஜாஸ்மின் பாரிஸுக்கு எஞ்சியிருந்த நேரம் 99 நொடிகள். அடுத்த ஆண்டு ஒருவரும் முடிக்கவில்லை. மற்ற ஓட்டங்களில் மனம் உடைவது பெரும்பாலும் உதவி மையங்களில்தான்: வெளிச்சமும் சூடான தேநீரும் நாற்காலியும் ஊருக்குத் திரும்ப வண்டியும் ஒரே இடத்தில் இருக்கும்போது, அடுத்த மலையின் இருட்டுக்குள் போவதற்கான காரணம் வலுவிழக்கிறது. இதை மனவலிமைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிடுவது சரியன்று. உண்ணாத மூளையும் தூங்காத மூளையும் எடுக்கும் முடிவு அது.

நிற்பதே சரியான முடிவாகும் நேரமும் உண்டு. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22-ஆம் நாள் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் புறப்பட்ட 172 பேரில் 21 பேர், திடீரென வந்த ஆலங்கட்டி மழையிலும் உறைகாற்றிலும் சிக்கி இறந்தனர். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் குளிர்விறைப்பு அங்கே அவர்களைத் தாக்கியது. காற்றுத் தடுப்பு மேலாடை அந்த ஓட்டத்தில் கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை, பலர் அரைக்கால் சட்டையில் இருந்தனர். ஓடும்வரை உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. தொடை கெட்டு நடக்கத் தொடங்கியவுடன் அந்த வெப்பம் குறைகிறது, வயிறு கெட்டு உண்ணாதவருக்கு நடுங்கவும் ஆற்றல் இருப்பதில்லை. அதனால்தான் பல வேளைகளில் ஒரே மழை வேகமாக ஓடுபவரை நனைப்பதோடு விட்டுவிட, கால் தளர்ந்தவரை வீழ்த்திவிடுகிறது.

குளிர்காலத்தில் உதகையில் உறைபனி படிவதை அறிந்தும், மழைமேலாடை என்றால் இருசக்கர வண்டியில் அணியும் ரெயின்கோட்டையே நினைக்கும் புறநகர் ஓட்டக்காரருக்கு, மலைக்குப் போகுமுன் செய்யக்கூடியவை சிலவே: திருநீர்மலைப் படிகளில் ஏறுவதைவிட இறங்குவதைக் கணக்கில் எடுத்து, ஓட்ட நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பாவது ஏலகிரியிலோ ஏற்காட்டிலோ ஒரு நீண்ட இறக்கத்தை ஓடிப்பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில் அரைமணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ உப்பிட்ட உருளைக்கிழங்கோ உண்பது, முதுகுப்பையில் மெல்லிய காற்றுத் தடுப்பு மேலாடையையும் உலர்ந்த காலுறையையும் வைத்தே, புழுக்கத்தில் அவை தேவையில்லை என்று தெரிந்தும், ஓடிப் பழகுவது.