நாய்க்கு க்ரூமிங்: தப்பு நடந்தால் அபராதம் வெறும் 10 ரூபாயா?

குளியல், முடிவெட்டு, நகம் நறுக்குதல் எல்லாவற்றுக்கும் நாயை ‘பெட் க்ரூமிங்’ கடையில் விடுவது தூத்துக்குடி போன்ற ஊர்களிலும் இப்போது சகஜம். காலையில் விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்து கூட்டிப் போகிறோம். இடையில் அதற்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

லைசென்ஸ் உண்டா?

க்ரூமிங்குக்கென்று மத்திய அரசின் தனி விதிகள் இல்லை. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, பிராணிகளை விற்கும் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். குளிப்பாட்டி மட்டும் அனுப்பும் கடை அந்த வரையறைக்குள் வராது. இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே 2018-ல் வந்த லைசென்ஸ் விதிகளில் விற்பனையும் போர்டிங்கும் இருக்கின்றன, க்ரூமிங் இல்லை.

அப்போ சட்டமே இல்லையா?

இருக்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ன் 3-வது பிரிவுப்படி, ஒரு விலங்கு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்தான் அதற்குத் தேவையில்லாத வலி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரருக்கும் இது பொருந்தும். ஆனால், 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு டீ, வடைக்கு ஆகிற காசு!

நம்ம ஊரில் என்ன ஆபத்து?

புழுக்கம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதுவும் சரியாக நடக்காது. இதில் கூண்டுக்குள் சூடான ட்ரையர் வைத்தாலோ, வாயை இறுக்கிக் கட்டினாலோ ஹீட் ஸ்ட்ரோக் வரலாம். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

விடும் முன் கேளுங்கள்

• ட்ரையர் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருப்பார்களா?
• வேலை நடப்பதை நான் பார்க்கலாமா?
• ரேபிஸ் தடுப்பூசி போட்ட நாய்களை மட்டும்தான் எடுக்கிறீர்களா?
• அவசரத்துக்கு எந்தக் கால்நடை மருத்துவர்?

ரேபிஸ் சான்றிதழைக் கேட்காமலேயே நாயை வாங்கிக்கொள்ளும் கடை என்றால், யோசிக்க வேண்டியது நீங்கள்தான்.

தப்பு நடந்துவிட்டால்?

முதலில் மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். பில், போட்டோ, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் ‘சேவைக் குறைபாடு’ என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. 50 ரூபாய் அபராதத்தோடு முடியாமல், இங்கே இழப்பீடே கேட்க முடியும். அதற்கு அந்த பில் கையில் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.