மறையாக்கமும் மக்களும்

மறையாக்கம் செய்யப்படாத மின்னஞ்சல் அஞ்சலட்டையை ஒத்தது. அது கடந்து செல்லும் கணினிகளை ஆள்வோர் அதனைப் படித்துவிட இயலும். இக்குறையைக் களைய, அமெரிக்கரான ஃபில் சிம்மர்மேன் 1991ஆம் ஆண்டு ‘பிஜிபி’ என்னும் மென்பொருளை உருவாக்கி விலையின்றி வழங்கினார். உரியவர் மட்டுமே படிக்கத்தக்கவாறு செய்தியை மாற்றியமைப்பது அதன் பணி. அன்றைய அமெரிக்கச் சட்டம் வலிமை மிக்க மறையாக்கக் கருவிகளைப் படைக்கலங்களோடு சேர்த்து எண்ணியது. எனவே, உரிமமின்றி அம்மென்பொருள் நாட்டைக் கடந்தது குறித்து 1993இல் அவர்மீது விசாரணை தொடங்கியது. 1996இல் வழக்கின்றிக் கைவிடப்பட்டது.

அரசையே கவலையுறச் செய்த அக்கருவி, பொதுமக்களின் கைகளில் பரவவில்லை. ஏன் என்பதை அல்மா விட்டன், டைகர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மின்னஞ்சலில் பழக்கமுள்ள 12 பேரிடம் பிஜிபியை அளித்து, இரகசியச் செய்தியொன்றை ஒன்றரை மணி நேரத்தில் அனுப்பப் பணித்தனர். பெரும்பான்மையோரால் அதனைச் சரிவரச் செய்ய இயலவில்லை. மூவர் இரகசியத்தை மறைக்காமலேயே அனுப்பிவிட்டனர்!

பிழையின் வேர் திறவுகோல்களில் இருந்தது. பிஜிபியில் ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் உண்டு. பொதுத் திறவுகோல் பூட்டும். அதனை எவருக்கும் தரலாம். தனித் திறவுகோல் திறக்கும். அது உரியவரிடம் மட்டுமே இருக்கும். ஆகவே, பெறுபவரின் பொதுத் திறவுகோலால் செய்தியைப் பூட்ட வேண்டும். எழுவரோ தத்தம் பொதுத் திறவுகோலாலேயே பூட்டினர். அச்செய்தியைப் பெறுபவர் எவ்வாறு திறப்பார்? இதனைப் பயனரின் அறியாமை என்று தள்ளிவிடுவது முறையன்று. கணிதத்தில் காட்டிய அக்கறையை, அதனைக் கையாளும் மனிதரிடம் மென்பொருள் காட்டவில்லை என்பதே உண்மை.

தமிழில் புலனம் என வழங்கப்பெறும் வாட்ஸ்அப், 2016 ஏப்ரலில் தன் பயனர் நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு முழு மறையாக்கத்தை வழங்கியது. பயனர் எதையும் கற்கவோ, எப்பொத்தானையும் அழுத்தவோ வேண்டியிருக்கவில்லை. திறவுகோலை உருவாக்குதல், பரிமாறுதல், பூட்டுதல் ஆகிய அனைத்தையும் செயலியே மேற்கொண்டது. தாம் மறையாக்கத்தைப் பயன்படுத்துகிறோம் என்று அறியாமலேயே ஒருவர் அதனைப் பயன்படுத்த முடிந்தது.

எனினும், ஒரு பணி பயனரிடமே எஞ்சியுள்ளது. செயலி கொணர்ந்த திறவுகோல் உண்மையில் எதிரில் உரையாடுபவருடையதுதானா என்பதை உறுதிசெய்ய, இருவரும் தத்தம் திரையில் தோன்றும் 60 இலக்க எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.