மடியில் கனமும் காலை ஓட்டமும்



மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள் நம் பெரியவர்கள். கள்வர் பயத்துக்குச் சொன்ன சொல் அது. காலையில் உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களுக்கும் அது பொருந்தும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

நமது தொழில் உட்கார்ந்தே செய்யும் தொழில். காலையில் கல்லாவில் அமர்ந்தால் இரவு கடை சாத்தும்போதுதான் எழுந்திருக்கிறோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்த பிறகு, டாக்டர் சொல்லித்தான் பலரும் நடக்கத் தொடங்குகிறோம். நாங்களும் அப்படித்தான். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடந்து, பிறகு மெல்ல ஓடவும் பழகினோம். ஓட்டம் முடிந்ததும் நேரே கடை. ஆகையால் கொத்துச்சாவியும் செல்போனும் கூடவே வரும்.

ஒரு நாள் குடோன் வாசலில் லோடு லாரி நிற்கிறது; சுமை இறக்குபவர்கள் காத்திருக்கிறார்கள்; பையில் கையை விட்டால் சாவி இல்லை. குளத்தைச் சுற்றித் தேடியும் கிடைக்கவில்லை. பூட்டை உடைத்துத்தான் சரக்கை இறக்கினோம். ஷட்டர், குடோன், பீரோ எல்லாவற்றுக்கும் புதுப் பூட்டு போட்டு முடிக்கும்வரை மூன்று இரவுகள் கடைக்குள்ளேயே படுத்தோம். பூட்டு வாங்கிய பணம் பெரிதல்ல. எவர் கையில் அந்தச் சாவி இருக்கிறதோ என்ற நினைப்பில் போன தூக்கந்தான் பெரிது.

சாவி ஏன் விழுந்தது?

ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் நம் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு வருகிறது. அந்தக் குலுக்கலில் தளர்வாக இருக்கும் எதுவும் துள்ளும். பேண்ட் பையில் இருக்கும் சாவிக்கொத்து தொடையில் மோதிக்கொண்டே, கொஞ்சங் கொஞ்சமாக மேலேறி வெளியே விழுந்துவிடுகிறது. சட்டைப்பையில் வைத்த செல்போனின் கதியும் அதுவே. கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தோள் இறுகிப்போகும். கால் தடுக்கினால் ஊன்றக் கை இருக்காது. நம் வயதில் விழுந்தால் எழுவது எளிதா?

கனம் உடலோடு ஒட்டி, இடுப்பில் இருந்தால் ஆட்டம் குறைவு. இது புதிய கண்டுபிடிப்பல்ல. சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரிகள் வேட்டிக்கு மேல் கட்டிய அகலமான பச்சை பெல்ட்டை நாம் பார்த்ததில்லையா? பணமும் சாவியும் அதில் அடங்கும். பத்து மைல் நடந்தாலும் அசையாது. இன்று விளையாட்டுச் சாமான் கடைகளில் ஓடுகிறவர்களுக்கென்று விற்கும் எலாஸ்டிக் பெல்ட்டும் அதே கணக்குத்தான். துணி இழுபட்டு உடலைக் கவ்வ வேண்டும். ஜிப் இருக்க வேண்டும். செல்போன் உள்ளே நகரக் கூடாது. வாங்குமுன் கடையிலேயே கட்டிக்கொண்டு நாலு முறை குதித்துப் பாருங்கள். கையில் கட்டும் பட்டை சிறிய போனுக்குச் சரி. இன்றைய பெரிய போன்கள் 200 கிராம் அளவுக்கு இருப்பதால் ஒரு கை மட்டும் கனத்து, பட்டை சறுக்குகிறது.

சாவிக்குச் சில யோசனைகள்

கொத்தை எடுத்துச் செல்லாதீர்கள். ஓடப் போகும்போது வீட்டு வாசல் சாவி ஒன்று போதும். அதை ஷூ கயிற்றில் கோத்து முடிச்சுப் போடலாம். அல்லது பையில் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்திவிடலாம். இரண்டு சாவி இருந்தால் ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள், சத்தம் வராது. சாவியும் போனும் ஒரே அறையில் இருந்தால் போனில் கீறல் விழக்கூடும். கடைச் சாவிக்கு மறுசாவி செய்து, நம்பிக்கையான ஒருவரிடம் வீட்டில் கொடுத்து வையுங்கள். சாவி வளையத்தில் கடைப் பெயரும் விலாசமும் எழுதித் தொங்கவிடுவது நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் எடுத்தவன் கெட்டவனானால் அதுவே வழிகாட்டி.

செல்போனுக்கு

போன் இல்லாமல் போகவும் கூடாது. மார்பு வலித்தால் 108-ஐ அழைக்க அதுதான் துணை. வீட்டு எண்ணும் இரத்த வகையும் பூட்டிய திரையிலேயே தெரியும்படி வையுங்கள். வியர்வை உப்புநீர், நம் கடையில் மசாலா போடும் ஜிப் கவரில் போனைப் போட்டு எடுத்துச் சென்றால் தாங்கும். நனைந்த போனை உலர்த்தாமல் சார்ஜில் போட வேண்டாம்.

யு.பி.ஐ. வந்த 2016-க்குப் பிறகு செல்போன் நமக்கு இன்னொரு கல்லாப்பெட்டி. வங்கிக் கணக்கும் ஓ.டி.பி.யும் அதில்தான். ஆகவே கடைக் கணக்குள்ள போனை வீட்டில் வைத்துவிட்டு, ஓட்டத்துக்கு ஒரு பட்டன் போன் கொண்டு போவது உத்தமம். முடியாவிட்டால் திரைப் பூட்டும் சிம் பூட்டும் அவசியம் போடுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். தொலைந்தால் முதலில் வங்கிக்கும் சிம் கம்பெனிக்கும் சொல்லி முடக்க வேண்டும். பிறகு போலீசில் புகார். அந்தப் புகாரைக் கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

உடம்பு நன்றாக இருந்தால்தான் வியாபாரம். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், சுமையைக் குறைத்துக்கொள்வோம். எங்கள் கொத்துச்சாவி இப்போது வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஓடி முடித்து, வீட்டுக்கு வந்து குளித்து, அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறோம். பத்து நிமிடம் தாமதமாகிறது; மனது நிம்மதியாக இருக்கிறது.