சுவரோரம் மறையும் மின்கம்பி

நெசவாள அங்கத்தினர்களின் இல்லங்களுக்குத் தறி ஆய்வுக்காகச் செல்லுங்கால், தறியைப் பார்ப்பதோடு சுவரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நமது வழக்கம். முன்பு ஒற்றை விளக்குக்காக ஒரு கம்பி மட்டும் சென்ற சுவரில், இன்று மின்விசிறி, தொலைக்காட்சி, தார் சுற்றும் மோட்டார், ஜக்கார்டை இயக்கும் மோட்டார் எனப் பலவற்றுக்கும் கம்பிகள் படர்ந்துள்ளன. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டமையால், கருவிகள் மேலும் சேர்வதில் வியப்பில்லை. தொங்கும் கம்பிகள் பார்வைக்கு நன்றாயில்லை, வேலைக்கும் இடைஞ்சல். அவற்றைச் சுவரோரமாக மறைத்துவிட அங்கத்தினர்கள் விரும்புவது நியாயமே. ஆனால் கம்பி எவ்வழியாகச் செல்கிறது என்பது வீட்டாருக்கு மறைந்துபோகுமாறு மறைப்பது பெருந்தவறு.

அத்தகைய தவற்றின் பயனை நாம் நேரில் கண்டோம். அங்கத்தினர் ஒருவர் தறிக்கடனில் மூன்று தவணைகள் தொடர்ந்து தவறியிருந்தார். காரணம் விசாரிக்கச் சென்றபோது, அவர் தோளில் கட்டுடன் திண்ணையில் அமர்ந்திருந்தார். புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவரில், சுவிட்சிலிருந்து விசிறிக்கு மெல்லிய கம்பியைக் குறுக்கே சாய்வாகக் கொண்டுசென்று பூச்சுக்குள் புதைத்திருக்கிறார்கள். கம்பி நீளத்தில் ஏழெட்டு அடி மிச்சமாயிற்றாம்! படம் மாட்ட அவர் ஆணி அடித்தபோது அது கம்பியைத் துளைத்தது. அதிர்ச்சியில் முக்காலியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது. தறி இரண்டு மாதங்கள் நின்றது. சுவர் மட்டும் மாசு மறுவின்றிப் பளிச்சென்றிருந்தது.

ஆகவே முதல் விதி, கம்பி நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ செல்ல வேண்டும் என்பதே. சுவிட்சைக் கண்டவுடன், கம்பி அதற்கு நேர் மேலே இருக்குமென்று எவரும் ஊகிக்க இயல வேண்டும். சுவரும் கூரையும் சேரும் மூலை, கதவு நிலையின் ஓரம் ஆகியவை ஏற்ற வழிகள். ஆங்கு ஆணி அடிப்பார் அரியர். கண்ணும் எளிதில் செல்வதில்லை.

மெல்லிய கம்பி என்பதால் மறைப்பது எளிது. ஆயினும் மெல்லிய கம்பி எல்லாச் சுமைக்கும் ஏற்றதன்று. 9 வாட் எல்.இ.டி. விளக்குக்குச் செல்லும் மின்னோட்டத்தினும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்குச் செல்வது ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒத்து வளர்வது. எனவே அது பதினாயிரம் மடங்காகும். திறந்த கம்பியின் வெப்பம் காற்றில் கலந்துவிடும்; மூடிய கம்பிக்கு அவ்வசதி குறைவு. பஞ்சுத் தூசி படியும் தறிக்கூடத்தில் இதன் விளைவை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. விளக்கு, விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரண பிளக்குகளுக்கு 2.5, வெந்நீர்க் கருவி போன்றவற்றுக்கு 4 என்பது நடைமுறை அளவு. உறையின்மேல் ஐ.எஸ். 694 என்ற தர எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குக. கடைகளில் சுருளாகக் கிடைக்கும் முறுக்கு ஒயர் விளக்கைத் தொங்கவிடுவதற்கு உரியது. பூச்சுக்குள் புதைக்க உரியதன்று.

முன்னாளில் தேக்குப் பட்டியில் கிளிப்பு அடித்துக் கம்பியைச் செலுத்தினர். இப்போது அவ்விடத்தைப் பி.வி.சி. கேசிங் கேப்பிங் பிடித்துக்கொண்டது. மூடியைக் கழற்றினால் கம்பி முழுதும் தெரியும். சுவரின் நிறத்தையே அதற்கும் பூசிவிட்டால் இருப்பதே தெரியாது. சுவரை வெட்டிப் புதைப்பதைவிட இது பழைய வீடுகளுக்குச் சிறந்தது என்பது நமது கருத்து. பாதிக்கு மேல் அதில் கம்பியை நிரப்பலாகாது. பசை நாடாவினால் ஒட்டுவது வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் பூச்சோடு பெயர்ந்து வரும். துளையிட்டுத் திருகாணியால் இறுக்குக. மண்சுவரில் திருகாணி நில்லாது. மரச்சட்டம் பதித்து அதன்மேல் பொருத்த வேண்டும். குழித்தறி உள்ள அறையில் தரையோரமாகக் கொண்டுசெல்வதும் கூடாது. குழியின் ஈரமும் எலியும் கம்பிக்குப் பகை.

கேபிள் தொலைக்காட்சி, இணையம், அழைப்பு மணி ஆகியவற்றின் கம்பிகள் வேறு இனம். அவற்றை 230 வோல்ட்டுக் கம்பியோடு ஒரே குழாயில் செருகுதல் கூடாது. இணையத்திற்கு வரும் கண்ணாடி இழையை மூலையில் மடிக்காமல், அகன்ற வளைவாகத் திருப்ப வேண்டும்.

கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தச் சொல்லி நாம் வற்புறுத்துகிறோம். எம்.சி.பி. மட்டும் போதுமென்பர் சிலர். அது மிகைச் சுமைக்கும் குறுக்குச் சுற்றுக்கும் காவல், மனிதன்மேல் பாயும் சிறு கசிவை அது உணராது.

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் அலுவலகம் இருக்கிறது. மின்கம்பியாளர்க்குத் தகுதிச் சான்று வழங்குவது அவ்வாரியமே. வேலைக்கு வருபவரிடம் அச்சான்றைக் காட்டுமாறு கேட்பது அவமதிப்பாகாது. நாம் சங்கத்தில் ரசீது கேட்பதில்லையா?

வேலை முடிந்ததும், பூச்சுக்கு முன்னரே, ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. ஒரு தாளில் கம்பி செல்லும் வழியை வரைந்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று குறித்து, சங்கத்தின் பங்குச் சான்றிதழ் இருக்கும் அதே பெட்டியில் வைக்கலாம். அடுத்த ஆய்வுக்கு வரும்போது அத்தாளையும் நாம் கேட்போம்.