ஒரு பிடி மண்

சென்ற வாரம் கண் திருஷ்டி கழிக்கும் படிகாரத்தைப் பார்த்தோம். தணலில் இட்டதும் அதன் படிகத்துக்குள் அடங்கிய நீர் கொதித்து வெளியேற, கல் பொரிந்து கோணல்மாணலாக உப்புகிறது. அந்த உருவில் கண் வைத்தவரின் சாயலைத் தேடுவார்கள். படிகாரம், உப்பு, மிளகாய் எல்லாம் மளிகைக் கடையில் கிடைப்பவை. இந்த வாரப் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. எந்த இடத்து மண், யார் மிதித்த மண் என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது.

கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. காய்ச்சல் இருக்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் பாட்டி தெருவில் இறங்குகிறாள். நாலு பேர் நடக்கும் இடத்தில் ஒரு சிட்டிகை மண் எடுக்கிறாள். முச்சந்தி மண் என்றால் இன்னும் விசேஷம். அதோடு கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் கைக்குள் மூடி, குழந்தையை மூன்று முறை சுற்றுகிறாள். எல்லாம் அடுப்புக்குள் போகிறது. மிளகாய் நெடி ஏறவில்லையென்றால், கண் பட்டிருந்தது நிச்சயம் என்பாள்.

கண் வைத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. யாராயிருந்தாலும் இந்தத் தெருவை மிதித்துத்தானே வந்திருப்பார்? ஊராரின் காலடியெல்லாம் அந்தச் சிட்டிகைக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவர்மீதும் பழி விழாமல் காரியம் முடிகிறது. இந்தச் சடங்கில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

ஒருமுறை தொட்டவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற நம்பிக்கையை ‘தொற்று மந்திரம்’ என்று வகைப்படுத்தினார் ஜேம்ஸ் ஃபிரேசர். அவருடைய ‘த கோல்டன் பவ்’ நூலின் முதல் பதிப்பு 1890-இல் வந்தது. காலடித் தடத்தைக் கொண்டு ஒருவருக்குக் கேடு செய்யலாம் என்ற எண்ணம் பல நாடுகளில் இருப்பதை அவர் தொகுத்துக் காட்டினார். அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பின மக்களின் ‘ஹூடூ’ வழக்கத்திலும் காலடி மண்ணுக்கும் கல்லறை மண்ணுக்கும் தனி இடம் உண்டு.

நம் ஊரிலும் அந்த மறுபக்கம் இருக்கிறது. “என் காலடி மண்ணை எடுத்துட்டாங்க” என்ற ஒரு பேச்சு போதும், பங்காளி வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போக. பாட்டியின் மண் எல்லாருடையது. செய்வினைப் பேச்சில் வரும் மண்ணோ ஒருவரைக் குறிவைக்கிறது. நோய்க்கும் நஷ்டத்துக்கும் அண்டை வீட்டாரைக் குற்றவாளியாக்கும் நம்பிக்கையை மரபு என்று சொல்லித் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

பிரிந்த பிறகும் தொடர்பு அறாது என்று நம்புகிற அதே மனம்தான் பிடிமண்ணையும் கண்டுபிடித்தது. பிழைப்புத் தேடி வெகுதூரம் போன குடும்பங்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், குடியேறிய ஊரில் அதை வைத்துத் தெய்வத்தை நிலைநிறுத்தின. இன்றும் பல கோயில்களின் வரலாறு ‘பிடிமண் எடுத்து வந்தோம்’ என்றே தொடங்குகிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு முன் ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் அய்யனாருக்கான குதிரை உருவாகத் தொடங்கும். ஊர் மொத்தமும் அந்தக் குதிரைக்குப் பொறுப்பேற்கும் ஒப்பந்தம் அது.

மண் இங்கே உறவின் சாட்சி. பிடிமண்ணைப் பயபக்தியோடு ஏந்துகிற கை, அண்டை வீட்டுக்காரரைச் சந்தேகத்தோடு சுட்டாமல் இருந்தால் போதும். இந்த வழக்கங்களை நம் பிள்ளைகளுக்கு நிறைவோடு சொல்லிக் கொடுக்கலாம்.

சங்கரன்கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)